மூன்று மணிக்குப் பூஜ்யமாகும் நடை

தம்பிக்கு வணக்கம்.

நானும் சுங்கை சிப்புட்தான். பள்ளிக்கூட கேண்டீனில் சமையல் வேலை. வயது 52, உயரம் 154 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்து, எடை குறைக்கும் செயலி ஒன்றையும் கைப்பேசியில் போட்டு, இரண்டையும் இணைத்துவிட்டுப் போனாள். மூன்று மாதமாகிறது. வாட்சில் 11,000 ஸ்டெப் என்றால் செயலியில் 19,000 காட்டுகிறது. சில நாள் ஒன்றுமே வராது. மத்தியானம் மூன்று மணியானால் செயலியில் இருப்பதெல்லாம் பூஜ்யமாகிவிடும், வாட்சில் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு நாளைக்கு 1,400 கலோரி சாப்பிடலாம் என்று முதலில் சொன்னது. இப்போது தினமும் ‘நீங்கள் நடந்ததால் இன்னும் 640 சாப்பிடலாம்’ என்கிறது. வாட்சில் இரவு பார்த்தால் மொத்தம் 1,900 எரித்ததாக இருக்கிறது. நானும் அது சொன்னபடிதான் சாப்பிடுகிறேன், எடை 1.4 கிலோ கூடிவிட்டது. எதைத்தான் நம்புவது? நீங்களும் வாட்ச் கட்டுவதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போடாதீர்கள், கேண்டீனில் கிண்டல் செய்வார்கள்.

*

அன்புள்ள அக்கா,

முதலில் அந்த மூன்று மணி. உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது, ஏனென்றால் கேள்வியோடு பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். நமக்கு மலேசியாவில் மத்தியானம் மூன்று மணி அடிக்கும்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் நள்ளிரவு பன்னிரண்டு. மகள் செயலியில் கணக்குத் திறந்தபோது நேர மண்டலம் கேட்கும் இடத்தைக் கவனிக்காமல் தாண்டியிருப்பாள், அது லாஸ் ஏஞ்சல்ஸ் நேரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் செயலிக்குப் பொழுது மாறுவது கலிபோர்னியாவில். நீங்கள் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குப் பசியாற போட்டு, பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் உள்ள அத்தனை நடையும் அதன் புத்தகத்தில் நேற்றைய தேதியில் ஏறுகிறது. (நவம்பரில் பாருங்கள், இதே கூத்து நாலு மணிக்கு நடக்கும். அங்கே குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள்.) அமைப்புகளுக்குள் போய் கோலாலம்பூர் என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

நேரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. என் அம்மா அப்போது ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். “எல்லாருக்கும் சொன்னாங்க, பால்மரத்துக்கு மட்டும் யாரும் சொல்லல” என்று இன்றைக்கும் சொல்வார்.

சரி, 19,000-க்கு வருவோம். அதில் கொஞ்சம் நேற்று மாலை நீங்கள் நடந்தது, அது மூன்று மணிக் கோளாறு. மீதிக்குக் காரணம் வேறு. கைப்பேசியை எங்கே வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள்? ஏப்ரன் பையில் என்றால் அதுவும் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவரா என்று தெரியவில்லை, இருந்தாலும் இப்படிச் சொன்னால் புரியும். ஒருத்தர் கொண்டுவந்த ஒரே வாளி ரப்பர்ப் பாலை இரண்டு மண்டோர் (மேற்பார்வையாளர்) தனித்தனியாக எழுதி, இரண்டு சீட்டும் கணக்கெழுதும் கிராணியிடம் போய், அவர் இரண்டையும் கூட்டிப் போட்டால் எப்படி இருக்கும்? அதுதான். வாட்ச் ஒரு மண்டோர், கைப்பேசி இன்னொரு மண்டோர், எடைச் செயலி கிராணி.

நடுவில் கணக்கைக் கைமாற்றுவது ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் ஹெல்த் கனெக்ட், ஐபோன் என்றால் ஆப்பிள் ஹெல்த். இரண்டிலும் எந்த மூலத்தை முதலில் எடுத்துக்கொள்வது என்று வரிசைப்படுத்த இடம் உண்டு, வாட்சை மேலே ஏற்றுங்கள். ஆனால் சில செயலிகள் அந்த வரிசையை மதிக்காமல் வந்ததையெல்லாம் கூட்டுகின்றன. ஆகவே எடைச் செயலிக்குள் ‘இந்தக் கைப்பேசியில் ஸ்டெப் எண்ணு’ என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். சிலர் ஒரு இணைப்பு போதாதென்று நேரடியாக ஒன்று, ஹெல்த் கனெக்ட் வழியாக இன்னொன்று என்று இரண்டு பாதை வைத்திருப்பார்கள். ஒன்றை வெட்டுங்கள்.

ஒன்றுமே வராத நாள்கள் பெரிய மர்மமில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கைப்பேசி வாட்சின் செயலியைத் தூங்க வைத்துவிடும். பேட்டரி அமைப்பில் அதற்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். அப்புறம் ராத்திரி படுக்கும் முன் முதலில் வாட்சின் செயலியைத் திறந்து விரலால் கீழே ஒரு இழு, அது நிரம்பியபின் எடைச் செயலி. இந்த வரிசை முக்கியம். வாட்ச் எடைச் செயலியோடு நேரில் பேசுவதே இல்லை, தன் செயலியிடம்தான் பேசும்.

இதெல்லாம் அரை மணி வேலை. எடை ஏன் கூடியது என்பதுதான் உட்கார்ந்து பேச வேண்டியது.

நம் அம்மாக்கள் காலத்தில் பாலைக் கொண்டுபோய் எடை போட்டதும் அப்படியே காசு போட்டுவிட மாட்டார்கள். மெட்ரோலாக் என்கிற அளவுக் கருவியை உள்ளே விட்டு ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வாளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குபோலத்தான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். உங்கள் வாட்ச் காட்டும் 1,900 அந்த வாளிப் பால். அதில் பெரும்பகுதி நீங்கள் நாள் முழுக்கப் பாயில் படுத்திருந்தாலும் எரிந்திருக்கும். மூச்சு விட, இதயம் துடிக்க, உடம்பு சூடாக இருக்க. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரம்: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, பெண் என்றால் இன்னொரு 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 710, அதோடு 962, அதிலிருந்து 260-ம் 161-ம் போனால் ஏறக்குறைய 1,250. 1,900-இல் 1,250 போக 650. உங்கள் 640 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

நடந்து எரித்ததைச் சாப்பிடச் சொன்னால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். செயலி உங்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருக்கும்: நாள் முழுக்க உட்கார்ந்த வேலையா, நின்று அலைகிற வேலையா? கேண்டீன் சமையல் என்று நீங்களோ மகளோ ‘சுறுசுறுப்பானவர்’ என்று தட்டியிருப்பீர்கள். உண்மைதானே! அந்தப் பதிலை வைத்தே அது 1,250-ஐ 1,900 ஆக்கி, எடை குறையட்டும் என்று 500 கழித்து, 1,400 கொடுத்தது. அதாவது உங்கள் நடை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதே நடையை வாட்ச் மறுபடி அனுப்ப, செயலி அதை உடற்பயிற்சி என்று தனியாக எழுதி 640 கூட்டித் தருகிறது. ஆக மொத்தம் 2,040 சாப்பிடுகிறீர்கள், 1,900 எரிக்கிறீர்கள், நாளுக்கு 140 மிச்சம். தொண்ணூறு நாளுக்கு 12,600. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவுக்கு 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு, வகுத்தால் 1.6 கிலோ. உங்களுக்குக் கூடியது 1.4.

இவ்வளவு பொருத்தமாக விடை வந்தது பாதி தற்செயல்தான், ஏனென்றால் வாட்சின் கலோரி எண்ணே ஆட்டம் காண்கிற எண். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை நன்றாகவே சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93 விழுக்காடு. நீங்கள் செய்தது தப்பே இல்லை அக்கா, சொன்னதைக் கேட்டீர்கள். ஒரு வேலைக்கு இரண்டு தடவை சம்பளம் போட்டது அந்தச் செயலி, வருகிற காசை யார் வேண்டாம் என்பார்கள்?

இதற்கு இரண்டு வழி உண்டு. ‘உட்கார்ந்த வேலை’ என்று மாற்றிவிட்டு வாட்ச் அனுப்புவதை வாங்கிக்கொள்வது ஒன்று. எனக்கு மற்றதுதான் பிடிக்கும்: ‘சுறுசுறுப்பானவர்’ அப்படியே இருக்கட்டும், ஹெல்த் கனெக்ட் அனுமதியில் ஸ்டெப்பும் எடையும் போகட்டும், கலோரி என்று இருப்பவற்றை மட்டும் அணைத்துவிடுங்கள். 640 மறைந்துவிடும். முதல் வாரம் கடுப்பாக இருக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கிளினிக்கில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நடையின் உண்மையான விலை தெரிந்தால் ஆறுதலாக இருக்குமா கோபம் வருமா தெரியவில்லை. உங்கள் உயரத்துக்கு 11,000 ஸ்டெப் என்பது சுமார் ஏழு கிலோமீட்டர். உங்கள் எடையில் அதற்குக் கூடுதலாக எரிவது 250 கலோரி அளவுதான். குழம்பைச் சேர்க்காமல் ஒரு ரொட்டி சானாய் 300.

இன்னொன்று, வாட்சை எந்தக் கையில் கட்டுகிறீர்கள்? வலது கையில் என்றால் சம்பல் கிண்டுவதையும் நடையாக எண்ணும். போன மாதம் என் வாட்சைக் கழற்றி அம்மா கையில் கட்டிவிட்டேன். ஈர்க்குமாற்றை எடுத்து வாசல் கூட்டினார், எங்கள் வாசல் மொத்தமே இருபது அடி. முடித்துவிட்டு வந்து மணிக்கட்டை நீட்டினார், 700-க்கு மேல். “நான் எங்கடா நடந்தேன்?” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “கை ஆடினா காசு போடுது போல.” அதே வாட்சோடு நான் பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சுற்றினால் அது இருநூறைத் தாண்டாது, கை ஆடவில்லையே. மோட்டார் சைக்கிளில் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மேடுபள்ளச் சாலையில் வந்த ஒரு நாள், உட்கார்ந்தபடியே நிறைய நடந்திருந்தேன். இடது கையில் கட்டி, வாட்சின் செயலியிலும் இடது என்று மாற்றுங்கள். கொஞ்சம் குறையும். முழுக்கச் சரியாகாது. நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று பார்க்க அது போதும்.

பத்தாயிரம் எட்டாத நாளில் மனம் சோர்வதாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது, மன்போ-கேய், அதாவது பத்தாயிரம் ஸ்டெப் மீட்டர். எந்த மருத்துவரும் அளந்து சொன்ன எண் இல்லை.

எடை பார்ப்பது வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்ததும், ஒரே தராசில். தினமும் ஏறாதீர்கள், முந்தின நாள் கருவாட்டின் உப்பே ஒரு கிலோ காட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே செய்து பார்க்கலாம், முடியாவிட்டால் சனிக்கிழமை காலை கடைத்தெருவில்தான் இருப்பேன், கைப்பேசியைக் கொண்டு வாருங்கள். வரும்போது மகளிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்) கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். கணக்கைத் திறந்தது அவள்தான், அது இல்லாமல் நேரத்தை மாற்ற விடாது.

அன்புடன்,
தம்பி