கிட்டாரிலிருந்து பாஸுக்கு: வலது கைக்கான கேள்வி பதில்

கேள்வி: கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைல் (விரல்களால் சுண்டி வாசிப்பது) எனக்கு நன்றாகவே வரும் அண்ணா. அதே கையோடு பாஸ் கிட்டார் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், சத்தமும் வரும். ஆனால் பேண்டோடு சேர்ந்ததும் கொழகொழவென்று கேட்கும். கிட்டாரில் விரலுக்கு ஒரு கம்பி என்று பிரித்து வைத்திருப்பீர்கள். சுண்டிய விரல் உள்ளங்கைப் பக்கம் எழும்பிவிடும். பாஸில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரே கம்பியில் மாறி மாறி நடக்க வேண்டும். சுண்டிய விரல் அந்தரத்தில் நிற்காது, பக்கத்துத் தடித்த கம்பியில் போய்ச் சாயும். பாஸின் நான்கு கம்பிகள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி. ஏ கம்பியைச் சுண்டினால் விரல் ஈ கம்பியில் வந்து நிற்கும், அதையும் அடக்கிவிடும்.

கட்டைவிரலுக்கு இங்கே சுண்டும் வேலை இல்லை. ஈ கம்பி வாசிக்கும்போது பிக்கப் (கம்பிகளுக்குக் கீழே அதிர்வை வாங்கும் காந்தக் கட்டை) மேல் இருக்கட்டும். டி கம்பிக்குப் போகும்போது ஈ மேல் இறங்கட்டும். ஜி-க்குப் போனால் ஏ மேல், பக்கவாட்டில் ஈ-யையும் உரசிக்கொண்டு. தொடாத கம்பியும் பாஸில் தானாக அதிரும். அதை மியூட் செய்வது, அதாவது அடக்குவது, வலது கையின் பாதி வேலை.

அப்புறம் பலம். வழக்கமான கிட்டார் செட்டில் தடித்த கம்பி 0.046 அங்குலம். பாஸில் மெல்லிய கம்பியே 0.045, தடித்தது 0.105. இதைப் பார்த்து மிரண்டு எல்லோரும் ஓங்கி இழுக்கிறார்கள். கம்பி ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) மோதிக் கடகடக்கும், சுரம் மெலியும். கூட்ட வேண்டியது ஆம்ப் (ஒலிபெருக்கி) வால்யூமை, விரலின் பலத்தை அல்ல.

கேள்வி: ஜி-யிலிருந்து டி-க்கு இறங்கும்போது ஒரே விரல் இரண்டு முறை வந்துவிடுகிறது. தப்பா?

இல்லை. ஜி-யைச் சுண்டிய விரல் ஏற்கெனவே டி மேல்தான் சாய்ந்திருக்கிறது, அப்படியே தொடரட்டும். இரண்டாவது சுரம் மட்டும் முந்திக்கொண்டு வரும். மெட்ரோநோம் (தாளம் தட்டும் கருவி) போட்டுக் கவனியுங்கள்.

கேள்வி: விரல் நுனியில் கொப்புளம்.

ஆறும்வரை வாசிக்காதீர்கள். ஆம்ப்பைக் கூட்டுங்கள்.

கேள்வி: பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசித்தால் “நீ பாஸிஸ்டே இல்லை” என்று பேண்டில் கிண்டல் செய்கிறார்கள் சார்.

கேரல் கேயிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1960-களில் பாஸுக்கு மாறி, பிக்கோடு எத்தனையோ ரெக்கார்டிங் முடித்தவர். கிட்டாரிலிருந்து வந்த பால் மெக்கார்ட்னியும் பெரும்பாலும் பிக்தான். பிக் பிடித்தாலும் உள்ளங்கை விளிம்பால் மியூட் செய்யத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படிப் பார்த்தால் இரண்டு விரல் பயிற்சியே தேவையில்லையே? ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை விரலில்தானே வாசித்தார்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆமாம், டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற ரெக்கார்டிங் நிறுவனத்தின் பாடல்களுக்கு ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த விரலுக்கு ‘ஹுக்’ (கொக்கி) என்றே பட்டப்பெயர். ஆனால் அவர் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பாஸிலிருந்து வந்தவர். அந்த விரலுக்கு முரட்டுக் கம்பிகள் பழகியிருந்தன. ஒரே விரல் என்பதால் சுரங்களின் நிறமும் ஒரே சீராக இருந்தது. உங்கள் இரண்டு விரலும் அந்தச் சீரோடு ஒலிக்கிறதா? அதற்குத்தான் பயிற்சி. மெதுவான பாட்டுக்கு ஒற்றை விரல் தாராளமாகப் போதும், நானும் செய்வதுண்டு.

கேள்வி: பில்லி ஷீஹன் மூன்று விரலில் வாசிக்கிறாரே, அது இன்னும் மேல்தானே?

வேகத்துக்கு உதவும். மோதிர விரலை நான்கு நான்கான தாளத்துக்குள் பொருத்துவது தனி உழைப்பு. ஸ்டீவ் ஹாரிஸ் அயர்ன் மெய்டன் பேண்டின் குதிரை ஓட்டத் தாளத்தையே இரண்டு விரலில் முடித்துவிடுகிறார். விரலை எண்ணுவதை இத்தோடு விடுவோம்.

கேள்வி: ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) எப்படி ஆரம்பிப்பது?

என் துறை இல்லை. லாரி கிரஹாம் வாசிப்பதைப் பாருங்கள்.

கேள்வி: கொப்புளத்துக்கு ஏதாவது களிம்பு?

மேலே பார்க்கவும்.

கேள்வி: அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது அண்ணா.

உடனே நிறுத்துங்கள் தம்பி. ஸ்ட்ராப் தொடைவரை தொங்குகிறதா, பாஸின் விளிம்பில் முன்கையை அழுத்தி மணிக்கட்டைச் செங்குத்தாக மடிக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்ட்ராப்பை உயர்த்தி, மணிக்கட்டு கிட்டத்தட்ட நேராகும்படி வையுங்கள். விரல் மரத்துப்போனால் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம். ஆம்ப் வால்யூம் எவ்வளவு?

கேள்வி: கிளாசிகல் கிட்டாருக்காக நகம் வளர்த்திருக்கிறேன். பாஸுக்கு வெட்ட வேண்டுமா?

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் சதை மட்டத்துக்கு வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்திலும் டிக் டிக் கேட்கும். கட்டைவிரல், மோதிர விரல் நகங்கள் இருக்கட்டும். கிட்டார் கச்சேரி இருக்கும் மாதத்தில் பாஸைப் பிக்கில் வாசித்துக்கொள்ளுங்கள்.