அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்புப் பயிற்சியாளர் ஆட்டத்தின் நடுவே உண்மையில் எதை மாற்றுகிறார்? அணி தோற்றால் அவரது திட்டத்தைத்தான் குறை சொல்ல வேண்டுமா?

நான் சின்சினாட்டி பக்கம் குடியிருப்பவன், பெங்கால்ஸ் அணியின் ரசிகன். ஆகவே லூ அனருமோ என்ற ஒரே மனிதரை வைத்துப் பதில் சொல்கிறேன். 2019 முதல் 2024 வரை ஆறு பருவங்கள் பெங்கால்ஸின் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்தவர். 2022 ஜனவரியில் ஊரே அவரை மேதை என்று கொண்டாடியது. 2025 ஜனவரியில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடத்தில் ஒரு மனிதருக்கு மூளை மழுங்கிவிடுமா என்ன?

முதலில் அந்தக் கொண்டாட்டத்துக்குக் காரணமான ஆட்டம். 2022 ஜனவரி 30, கான்சாஸ் சிட்டியில் சீஃப்ஸுடன் மோதல். ஜெயிப்பவர்களுக்கு சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் இடம். சீஃப்ஸ் ஒரு கட்டத்தில் 21-3 என்று முன்னிலையில் இருந்தது. அவர்களின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆள், பேட்ரிக் மஹோம்ஸ். முதல் பாதியில் அவர் மூன்று டச் டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி பந்தைக் கொண்டுசேர்ப்பது) எறிந்துவிட்டார். இடைவேளைக்குப் பிறகு அதே ஆள், எறிந்த பந்தைப் பிடிக்கும் அதே ரிசீவர்கள், மொத்தமே மூன்று புள்ளி. கூடுதல் நேரத்தில் பெங்கால்ஸ் 27-24 என்று வென்றது.

என்ன நடந்தது? தற்காப்பில் பதினொரு பேர். வழக்கமாக நான்கு பேர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள், ஏழு பேர் பின்னால் நின்று பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களைக் கவனிப்பார்கள். அனருமோ இரண்டாம் பாதியில் அடிக்கடி மூன்று பேரை மட்டும் பாயவிட்டு எட்டுப் பேரைப் பின்னுக்கு அனுப்பினார். ஐந்து ரிசீவர்கள் ஓடினாலும் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். மஹோம்ஸுக்கு எறிய நேரம் தாராளமாகக் கிடைத்தது, எறியத்தான் இடமில்லை. அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தார்.

இதில் இனாமாக எதுவும் கிடைப்பதில்லை. ஸ்லிப்பில் நிற்பவரை எடுத்து தேர்ட் மேனுக்கு அனுப்பினால் அடுத்த பந்து ஸ்லிப் வழியாகத்தான் போகும் என்று கிரிக்கெட் பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டுப் பேர் பின்வாங்கினால் முன்னால் காலி. எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியே நிறைய தூரம் போகலாம். சீஃப்ஸ் பொறுமையாக அதைச் செய்திருந்தால் கதையே வேறு. இன்றைக்கும் கான்சாஸ் சிட்டி ரசிகர்கள் தங்கள் பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் கேட்கும் கேள்வி அதுதான், நியாயமான கேள்வியும்கூட.

‘இடைவேளையில் மாற்றினார்’ என்று சொல்லும்போது, ஏதோ கரும்பலகையில் புதிதாக ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்ததுபோல நம் மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. அந்த இடைவேளை கால் மணி நேரம்கூடக் கிடையாது. உடை மாற்றும் அறைக்குப் போக வர, தண்ணீர் குடிக்க, காயத்துக்குக் கட்டுப் போட என்று பாதி போய்விடும். வாரம் முழுக்கப் பயிற்சி செய்த பல திட்டங்களில் எதை அதிகமாக்குவது, எதைக் கைவிடுவது என்பதைத் தவிர வேறு எதற்கும் அங்கே அவகாசம் இல்லை. அந்த ஆட்டத்துக்கு நான்கு வாரம் முன்பு, ஜனவரி 2 அன்று, இதே சீஃப்ஸ் இதே பெங்கால்ஸிடம் முதல் பாதியில் 28 புள்ளி எடுத்துவிட்டு இரண்டாம் பாதியில் மூன்றே மூன்றுதான் எடுத்தது. ஆக ஜனவரி 30-இல் நடந்தது திடீர் ஞானோதயம் இல்லை. கையில் ஏற்கனவே இருந்த சீட்டு.

உண்மையான திருத்தங்கள் பெரும்பாலும் இடைவேளைக்கு வெளியேதான் நடக்கின்றன. பந்து எதிரணியிடமிருந்து தம் அணிக்குக் கைமாறும் சில நிமிடங்களில் ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டேப்லெட்டில் முந்தைய நகர்வுகளின் புகைப்படங்களைப் பார்ப்பார்கள். களத்தில் தற்காப்பு அணியில் ஒரே ஒருவரின் ஹெல்மெட்டில் ரேடியோ உண்டு. அதுவும் அடுத்த நகர்வைத் தொடங்கக் கொடுத்த நேரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அடங்கிவிடும். அதன் பிறகு எதிரணி ஆளை இடம் மாற்றி நிறுத்தினால் பயிற்சியாளர் எல்லைக் கோட்டில் நின்று கையை ஆட்டலாம், அவ்வளவுதான். பின்வரிசையில் நிற்கும் சேஃப்டிகள்தான் கத்திக் கத்தி எல்லோரையும் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். அன்றைக்கு பெங்கால்ஸிடம் அந்த இடத்தில் இருந்தவர்கள் ஜெஸ்ஸி பேட்ஸும் வான் பெல்லும். கூடுதல் நேரத்தில் மஹோம்ஸ் தன் ரிசீவர் டைரீக் ஹில்லை நோக்கி நீளமாக எறிந்த பந்தை பேட்ஸ் தட்டிவிட, பெல் பிடித்தார். ஆட்டம் முடிந்ததுபோலத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாதியின் கடைசி விநாடிகளில் சீஃப்ஸ் பெங்கால்ஸின் கோல் கோட்டுக்கு ஒரு கெஜ தூரத்தில் இருந்தது. பந்தை வாங்கிய ஹில்லை பெங்கால்ஸின் ஈலை ஆப்பிள் அந்தக் கோட்டைத் தொடவிடாமல் களத்துக்குள்ளேயே மடக்கிப் போட்டார், நேரம் முடிந்துவிட்டது. அந்த ஒரு பிடி நழுவியிருந்தால் 21-10 என்று இருந்தது 28-10 ஆகியிருக்கும். அப்புறம் எட்டுப் பேரைப் பின்னுக்கு அனுப்பினால் என்ன, ஒன்பது பேரை அனுப்பினால் என்ன? திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பிடியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

2023-இல் பேட்ஸும் பெல்லும் வேறு அணிகளுக்குப் போனார்கள். பெல் 2024-இல் திரும்பி வந்தார், பேட்ஸ் வரவில்லை. அதே 2024-இல் நடுவில் மலைபோல நின்று ஓட்டத்தைத் தடுத்த டி.ஜே. ரீடரும் போய்விட்டார். அந்தப் பருவத்தில் பெங்கால்ஸ் 33 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தும் தோற்ற ஆட்டங்கள் நான்கு: 38-33, 41-38, 35-34, 44-38. எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ வேறு என்னதான் செய்ய முடியும்?

அந்த 41-38, அக்டோபர் 6 அன்று பால்டிமோர் ரேவன்ஸுடன். நான்காம் பகுதியில் ரேவன்ஸின் குவார்ட்டர்பேக் லாமார் ஜாக்சன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு, பொறுக்கி எடுத்து, பிடிக்க வந்த பெங்கால்ஸின் சாம் ஹப்பர்டை ஒற்றைக் கையால் தள்ளிவிட்டு, ஓடிக்கொண்டே எறிந்து டச் டவுன் ஆக்கினார். ஹப்பர்ட் யார் தெரியுமா? 2022-இல் அந்த சீஃப்ஸ் ஆட்டத்தில், கூடுதல் நேரத்துக்கு முந்தைய கடைசித் தருணத்தில் மஹோம்ஸை இரண்டு முறை துரத்திப் பிடித்து சாய்த்தவர். ஜாக்சனைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சரியான ஆள் சரியாக வந்து நின்றார், பிடிபடவில்லை. கூடுதல் நேரத்தில் ரேவன்ஸின் டெரிக் ஹென்றி ஒரே ஓட்டத்தில் 51 கெஜம் போனார். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் ‘திட்டம் சரியில்லை’ என்றே சொன்னார்கள். முதல் நிகழ்வில் திட்டத்தின் மேல் என்ன குற்றம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டாவதில், ரீடர் இல்லாத நடுப்பகுதி இப்படித்தான் இருக்கும் என்று கோடையிலேயே தெரிந்த விஷயம்.

அதற்காக அனருமோவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவருடைய முறை அனுபவசாலிகளுக்கானது: பந்து நகரும் வரை ஒரு வடிவத்தில் நின்று, நகர்ந்தவுடன் வேறொன்றாக மாறி குவார்ட்டர்பேக்கைக் குழப்ப வேண்டும். பேட்ஸும் பெல்லும் கண்ஜாடையில் முடித்த வேலையை இளம் ஆட்களிடம் அப்படியே கொடுத்தால் முதலில் குழம்புவது அவர்கள்தான். யாருமே கவனிக்காத ரிசீவர் தனியாக ஓடிக்கொண்டிருந்த காட்சியை 2024-இல் அலுத்துப்போகும் அளவு பார்த்தோம். பாடத்தைக் குறைத்து எளிமையாக்கியிருக்க வேண்டியது அவர் பொறுப்பு. நீக்கியது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் அவரோடு வெளியே போகவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் ஆல் கோல்டன். 2022-இல் அந்தக் கான்சாஸ் சிட்டி ஆட்டத்தின்போது பெங்கால்ஸின் லைன்பேக்கர்களுக்கு (தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) பயிற்சியாளராக இருந்தவரே. 2025 அக்டோபர் 26 அன்று, அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத ஜெட்ஸிடம் 38-24 முன்னிலையைத் தொலைத்து 39-38 என்று தோற்றது பெங்கால்ஸ். அடுத்த வாரம் சிகாகோ பேர்ஸுடன், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது 42-41 என்று முன்னிலைக்கு வந்தார்கள். பேர்ஸின் கோல்ஸ்டன் லவ்லாண்ட் நடுவில் பந்தைப் பிடித்தார்; சுற்றி ஆட்கள் இருந்தும் யாரும் அவரைக் கீழே சாய்க்கவில்லை. 58 கெஜம் ஓடி முடித்துவிட்டார். 47-42.

இனி நீங்களே ஓர் ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமானால், எதிரணி பெரிதாக அடித்த ஒவ்வொரு நகர்வையும் நிறுத்திப் பாருங்கள். பந்தைப் பிடித்தவரைச் சுற்றி ஐந்து கெஜத்துக்குள் யாருமே இல்லையென்றால் பயிற்சியாளரைத் திட்டலாம். பக்கத்தில் இரண்டு பேர் நின்றும் அவர் ஓடிப்போய்விட்டார் என்றால் திட்டத்தை விட்டுவிடுங்கள். என் கணக்கில் 2024-இல் முதல் வகையும் இரண்டாம் வகையும் ஏறக்குறைய சமம். 2025-இன் முதல் பாதியில் இரண்டாம் வகைதான் அதிகம்.