குளிரில் வெறுங்கால் ஓட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்

மார்ச் மாதக் கடைசியில் கனடாவின் ஹாமில்டனில் நடக்கும் 'அரவுண்ட் தி பே' 30 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த சிலர், அதை வெறுங்காலில் ஓட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். 1894-லிருந்து நடக்கும் பந்தயம் அது, பாஸ்டன் மாரத்தானுக்கும் மூன்று வருடம் மூத்தது. மார்ச் என்றாலும் ஒன்டாரியோவில் அன்று காலை மைனஸிலும் இருக்கலாம், பத்து டிகிரியிலும் இருக்கலாம். நான் குளிர்காலம் முழுக்க வெறுங்காலில் ஓடுகிறவன் என்பதால் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

காலைச் சூடாக வைத்திருக்க என்ன செய்கிறீர்கள்? (ஸ்காபரோவிலிருந்து ஒருவர்)

காலுக்கு என்று தனியாகச் சூடு கிடையாது. ஓடும்போது தொடையிலும் இடுப்பிலும் உள்ள பெரிய தசைகள் உண்டாக்கும் சூட்டை ரத்தம்தான் பாதத்துக்குக் கொண்டு வருகிறது. உடம்பின் நடுப்பகுதி குளிர ஆரம்பித்தால் மூளை முதலில் மூடுவது கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களை. நடுப்பகுதி நன்றாகச் சூடேறிவிட்டால் அதே குழாய்கள் திறந்துகொள்ளும், உள்ளங்காலில் இதற்கென்றே ஏராளமான குறுக்கு வழிக் குழாய்கள் இருக்கின்றன. அதனால் பாதம் வெறுமையாக இருக்கும் நாளில் மற்ற இடங்களில் வழக்கத்தை விட ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். தொப்பி, கையுறை, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, கணுக்கால் வரை இறங்கும் டைட்ஸ். கணுக்கால் முக்கியம், ஏனென்றால் உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் பாதத்துக்குப் போகும் தமனி தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகிறது. பழைய நீளமான காலுறையின் பாதப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மேல் குழாயை மட்டும் மாட்டிக்கொண்டால் போதும், அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

அப்புறம், தொடக்கக் கோட்டில் நிற்பதுதான் ஓட்டத்தை விட ஆபத்து. குளிர்ந்த தாரில் இருபது நிமிடம் அசையாமல் நின்றீர்கள் என்றால் மரத்துப்போன காலோடுதான் ஓடத் தொடங்குவீர்கள். ஷூ போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் வியர்க்கத் தொடங்கும் வரை ஓடிச் சூடேற்றுங்கள். வரிசையில் நிற்கும்போது தடித்த கம்பளிக் காலுறை, அதன் கீழே ஒரு அட்டைப்பெட்டித் துண்டு. கடைசி நிமிடத்தில் கழற்றி, கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வலிக்கும், எரியும். பிறகு பாதம் திடீரென்று சூடாகிச் சிவக்கும். குளிரில் வைத்த விரலில் ரத்தக்குழாய்கள் மூடித் திறப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-ல் எழுதிவைத்தார், அதோடு உடம்புச் சூடும் சேர்ந்துகொள்ளும்போது வருவது இது. சூடு வரவில்லை, வலி குறைந்து உணர்வே இல்லாமல் போகிறது என்றால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

எத்தனை டிகிரி வரை ஓடலாம்?

ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன். ஈரமா உலர்வா என்பதுதான் முதல் கேள்வி. தண்ணீர் காற்றை விடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெயில் விழுந்த உலர்ந்த கறுப்புத் தாரில் மைனஸ் மூன்றில் ஓடுவது, மழை பெய்து ஈரமாகிக் கிடக்கும் தெருவில் பிளஸ் இரண்டில் ஓடுவதை விட எவ்வளவோ சுகம். கான்கிரீட் தாரை விட அதிகமாக உறிஞ்சும். இரும்பு மூடிகள், பாலத்தின் இரும்புக் கிராதிகள் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துப் போங்கள்.

உப்பு போட்ட சேற்றுப்பனி இருந்தால் எந்த டிகிரியிலும் வேண்டாம். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். சாதாரண உப்பு தண்ணீரை மைனஸ் 21 வரை உறையாமல் வைத்திருக்கக் கூடியது. தெருவில் குட்டையாகத் தெரிகிற அந்தக் கலங்கல் மைனஸ் எட்டில் கூடத் திரவமாகவே இருக்கும். உங்கள் தோலோ பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே உறையத் தொடங்கும். பார்த்தால் வெறும் தண்ணீர், காலை வைத்தால் பனிக்கடி.

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில்தானே ஒலிம்பிக் மாரத்தான் ஜெயித்தார்?

ரோமில், 1960 செப்டம்பர் 10, கோடை முடியாத ஒரு மாலையில். குளிருக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் அதே மனிதர் ஷூ போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி மறுபடி ஜெயித்தார்.

அப்படியானால் விம் ஹாஃப்?

குளிர் தாங்கும் சாகசங்களுக்குப் பெயர்போன நெதர்லாந்துக்காரர். 2007 ஜனவரியில் ஃபின்லாந்தில் பனி மேல் வெறுங்காலில் அரை மாரத்தானை 2 மணி 16 நிமிடத்தில் முடித்தார், உண்மை. அவர் ஓடியது பனி, உப்புக் கரைசல் அல்ல. பல வருடம் குளிரில் பழகிய உடம்பு அது. மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்டிருந்த மற்ற மூவருக்கும் இதுதான் பதில், அது என் துறை இல்லை.

நல்லெண்ணெய் அல்லது தைலம் தேய்த்துக்கொண்டால்? (மிசிசாகா)

வேண்டாம். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சூட்டைத் தடுத்து நிறுத்தாது, தடுப்பது தடிமன்தான். தைலத்தில் இருக்கும் மெந்தாலும் மற்றவையும் நரம்பை ஏமாற்றி எரிச்சலோ குளிர்ச்சியோ உணரவைக்கும், பாதத்தின் உண்மையான வெப்பத்தில் பெரிய மாற்றம் எதுவும் இராது.

எண்ணெய் வேண்டாம் என்று முன்பு சொன்னதற்குத்தான் எல்லோரும் என் மேல் பாய்ந்துவிட்டீர்கள். ஒருவர், ஆங்கிலக் கால்வாயை நீந்துகிறவர்கள் உடம்பெல்லாம் கொழுப்புப் பூசவில்லையா என்கிறார். பூசுகிறார்கள், இன்று பெரும்பாலும் அக்குளிலும் கழுத்திலும் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்க. இன்னொரு அக்கா, எங்கள் அப்பா காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மார்கழிக் காலையில் வயலுக்குப் போவார், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறார். அக்கா, அந்தக் காலை பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெடிப்பு வராமல் இருக்க அப்பா செய்தது சரியான காரியம், நானும் இரவில் வாசலின் பூசிவிட்டுத்தான் படுக்கிறேன், உப்பு தோலை வறட்டிப் பிளக்கும் என்பதால். காலையில் ஓடும் முன் பூசினால் வழுக்கும், பொடிக்கல் ஒட்டும்.

ஃபின்லாந்தில் ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களிடம் இதை ஆராய்ந்தார்கள், முகத்தில் களிம்பு பூசியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, பனிக்கடி ஆபத்து கூடவே செய்தது. பூசினால் இதமாகத் தோன்றும், அதை நம்பி மற்ற எச்சரிக்கைகளை விட்டுவிடுவோம். வெறுங்காலில் ஓடுகிறவனுக்கு இருக்கும் ஒரே காவல் பாதத்தின் உணர்வு. மரத்த காலில் கண்ணாடிச் சில்லு ஏறினாலும் தெரியாது, தோல் தேய்ந்து ரத்தம் வந்தாலும் தெரியாது, பின்னால் வருகிறவர் சொல்லித்தான் தெரியும். அந்த உணர்வைத் தைலத்தால் குழப்பாதீர்கள் என்பதுதான் என் வாதம் முழுவதும். பிராண்டி குடித்துவிட்டு ஓடுவதும் இதே வகை, தோல் சூடாகத் தெரியும், உள்ளே சூடு போய்க்கொண்டிருக்கும்.

நமக்குத் தோல் கறுப்பு, வெளுத்துப்போவது எப்படித் தெரியும்?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. உள்ளங்காலையும் நகத்தையும் பாருங்கள். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள், இரண்டு மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விரல் நுனி சாம்பல் பூத்தது போலவோ மெழுகு போல விறைத்தோ இருந்தால் நிறுத்துங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கட்டுப்பாட்டில்தான், ஓடலாமா?

சப்பாத்துப் போட்டுக்கொண்டு தாராளமாக ஓடுங்கள். குளிரில் வெறுங்கால் கூடாது. நரம்பு எவ்வளவு மங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரேனோ தொந்தரவு உள்ளவர்களுக்கும், சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இதேதான் சொல்வேன்.

பந்தய விதி அனுமதிக்கிறதா?

உலகத் தடகள விதிப்படி வெறுங்கால், ஒரு காலில் ஷூ, இரண்டு காலில் ஷூ எல்லாம் சரி. உள்ளூர்ப் பந்தயம் தனி நிபந்தனை வைக்கலாம், அமைப்பாளரிடம் கேளுங்கள்.

மைனஸ் ஐந்தில் ஓடலாமா? / எவ்வளவு குளிர் வரை? / பூஜ்யத்தில் பரவாயில்லையா?

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். ஈரம், உப்பு, உணர்வு.

மெல்லிய சாக்ஸ் மட்டும் போடலாமா?

உலர்ந்த சாலையில் சரி. ஈரமானால் வெறுங்காலை விட மோசம், குளிர்ந்த தண்ணீரைப் பாதத்தோடு கட்டி வைத்த மாதிரி.

30 கிலோமீட்டர் முழுவதையும் வெறுங்காலில் முடிக்க ஏதாவது வழி?

ஒரு ஜோடி மெல்லிய செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுங்கள். பாதை தண்ணீரை ஒட்டி நீளமாகப் போகிறது, காற்று வீசும். கடைசிப் பகுதியில் மேடுகள் வரும், களைத்து வேகம் குறையும், வேகம் குறைந்தால் சூடும் குறையும். 22, 23-வது கிலோமீட்டர் வரை நன்றாக இருந்த கால் அதற்குப் பிறகுதான் மரக்கும். அப்போது செருப்பை மாட்டுங்கள். முடித்தவுடன் துடைத்து, உலர்ந்த காலுறை. மரத்திருந்தால் தேய்க்க வேண்டாம், ஹீட்டர் முன்னால் நீட்டவும் வேண்டாம், உணர்வில்லாத தோல் சுட்டாலும் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வையுங்கள், வேறொருவர் முழங்கையால் சூடு பார்த்த பிறகு. மறுபடி குளிரில் வெளியே போக வேண்டியிருந்தால் போய் வந்த பிறகு சூடேற்றுங்கள், உருகிய தோல் இரண்டாவது முறை உறைந்தால் சேதம் பல மடங்கு. கொப்புளம் வந்தாலோ அரை மணி நேரத்தில் உணர்வு திரும்பவில்லை என்றாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், இங்கே படம் போட்டு என்னைக் கேட்காதீர்கள்.