சின்ன ஊர்களுக்குப் பஸ்ஸா, வேனா, கூப்பிட்டால் வரும் வண்டியா? எப்படி முடிவு செய்வது?

கிராமங்களுக்கும் சின்ன ஊர்களுக்கும் எந்தப் பொதுப் போக்குவரத்து ஒத்துவரும், அதை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சேவை நிறைய பேரை ஏற்றுவதற்கா, இல்லை யாரும் விடுபட்டுப் போகாமல் இருப்பதற்கா? இருக்கிற கொஞ்சப் பணத்தில் இரண்டும் நடக்காது. கூட்டம் வேண்டுமென்றால் நேரான ஒரு சாலையில் அடிக்கடி பஸ் விட வேண்டும். எல்லா ஊரையும் தொட வேண்டுமென்றால் பஸ் சுற்றிச் சுற்றித்தான் போகும், பாதி இருக்கை காலியாகத்தான் இருக்கும். யாரும் விடுபடக் கூடாது என்று விட்ட ரூட்டை, அப்புறம் கலெக்‌ஷன் இல்லை என்று சொல்லி நிறுத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

பஸ்ஸில் ஏறியவர்களை எண்ணுவது சுலபம். பஸ் இல்லாததால் கிளம்பாமலே இருந்துவிட்டவர்களை யார் எண்ணுவது? டயாலிசிஸுக்கு வாரம் 3 தடவை போக வேண்டியவர் இருப்பார், ஷிப்டு முடியும் நேரத்தில் திரும்பி வர வழியில்லாமல் கிடைத்த வேலையை விட்டவர் இருப்பார். அதனால் நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் போய்க் கேளுங்கள். முதல் கேள்வியே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதாக இருக்கட்டும், ஏனென்றால் திரும்ப முடியாத இடத்துக்கு யாரும் போக மாட்டார்கள்.

கூப்பிட்டால் வரும் வேன் வீடுகள் சிதறிக் கிடக்கும் இடத்துக்கு நல்லதுதான். ஆனால் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் மணிக்கு மூன்று நாலு பேரைத் தாண்டுவதே கஷ்டம். பஸ்ஸில் ஆள் சேரச் சேரத் தலைக்கு ஆகும் செலவு குறையும், இதில் ஆள் கூடினால் வண்டியும் டிரைவரும் கூட வேண்டும். கனடாவில் இன்னிஸ்ஃபில் என்ற ஊர் பஸ் விடுவதற்குப் பதிலாக 2017-ல் ஊபர் பயணங்களுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. மக்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, செலவும் கூடவே ஏறியது, 2019-ல் கட்டணத்தைக் கூட்டி ஒருவருக்கு மாதம் 30 பயணம் என்று வரம்பு வைத்தார்கள். ஆகவே இந்த வழியைப் பரிசீலிக்கும்போது, எல்லாரும் பயன்படுத்த ஆரம்பித்தால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் போட்டுவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவிலும் வழிகள் இருக்கின்றன. ரூட்டில் ஓடிக்கொண்டே, முன்கூட்டிச் சொன்னால் கொஞ்சம் விலகிப் போய் ஏற்றிவரும் பஸ் ஒன்று. செலவில் பெரும்பங்கு டிரைவர் சம்பளம் என்பதால் ஜெர்மனியில் 1985 முதல் ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் ஓட்டும் சிறு பஸ்களும் இருக்கின்றன. தினமும் விட முடியாவிட்டால் வாரம் இரண்டு நாள் விடுங்கள், ஆனால் கிழமையும் நேரமும் மாறக் கூடாது.

சரி, சோதனை ஓட்டம் என்று 3 மாதம் விட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பஸ் அடுத்த வருஷமும் இருக்கும் என்று நம்பினால்தான் ஒருவர் அதை வைத்து வேலையோ படிப்போ தேர்ந்தெடுப்பார், அதற்குக் குறைந்தது ஒன்றிரண்டு வருஷமாவது கொடுங்கள்.