பொம்மையில் பழகினால் நோயாளிக்கு என்ன பயன்?

காரைக்குடியில் நர்சிங் முதலாம் ஆண்டு படிப்பதாகச் சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் பயன் உண்டு, தங்கச்சி. கைத் தடுமாற்றமெல்லாம் பொம்மையோடு போய்விடும். 1911-லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் 'மிஸஸ் சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மையை வைத்துப் பயிற்சி தந்தார்கள்.

ஆனால் பொம்மை முகம் சுளிக்காது. அதனால் தோழியை நோயாளியாகப் படுக்க வைத்துப் பழகுங்கள்; அப்புறம் நீங்களும் படுத்துப் பாருங்கள். முதுகுக்கடியில் சுருண்ட விரிப்பு எப்படி உறுத்துகிறது, போர்வையைச் சட்டென்று விலக்கினால் உடம்பு எப்படிக் கூசுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

நோயாளியின் சௌகரியத்தை மையமாக வைக்கும் ஆறுதல் கோட்பாட்டை வகுத்த அமெரிக்க நர்சிங் அறிஞர் கேத்தரின் கோல்கபா உடல், மனம், சூழல், உறவு நான்கையும் கணக்கில் எடுக்கிறார். நம் வார்டில் அது இப்படித்தான் இருக்கும்: திரையை இழுத்து மூடிவிட்டு, "ஆச்சி, என் கை கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், மெதுவாத் திருப்பிப் படுக்க வைக்கிறேன், சரியா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு தொடுவது. பொம்மையிடமும் இதை வாய்விட்டுச் சொல்லியே பழகுங்கள்.