ஏதோ ஒரு தீவு

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூலை 26 இரவு பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். நம் நேரத்துக்கு ராத்திரி பதினொரு மணி. மகள் அரைமணி நேரத்தில் தூங்கிவிட்டாள். மனைவி, "பாவம், மழையில நனையுதுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். நானும் அம்மாவும்தான் மிச்சம். அணிவகுப்பு மைதானத்தில் இல்லை, சீன் நதியில் படகுகளில். அகதிகள் அணியின் படகு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிந்துவும் நம்ம சரத் கமலும் கொடி பிடித்து வந்தார்கள், கைதட்டினேன். அதற்குப் பிறகு படகுகள் வந்துகொண்டே இருந்தன. நான் போனை எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் விடாமல் ஒவ்வொரு கொடிக்கும் "இது எந்த ஊரு?" என்று கேட்டார். "நீலத்துல கோபுரம் மாதிரி இருக்கே, அது?" என்றார். "ஏதோ ஒரு தீவும்மா, தூங்கு" என்றேன். மறுநாள் ஆப்பில் அணிவகுப்பை எல்லாம் தள்ளிவிட்டு ஆட்டம் பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

கம்பெனியில் நண்பரிடம் அழுததைச் சொன்னேன். "எல்லாம் விளம்பரம், அதுக்குப் போய் அழுறியா" என்று சிரிக்கிறார். என் அழுகை போலியா? இவ்வளவு செலவு நியாயமா? விழாவில் சர்ச்சையான அந்த விருந்துக் காட்சி பற்றி உங்கள் கருத்து என்ன? 2036-ல் இந்தியா நடத்த வேண்டுமா?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உடனே எழுதியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். தள்ளிப்போட்டதில் கோபம் பாதி ஆறிவிட்டது. மீதிப் பாதி கீழே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு எழுத ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாக எழுதுவார்கள். விருந்துக் காட்சி பற்றி எனக்குக் கருத்தே இல்லை. உங்களுக்கும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. 2036 பற்றி எங்கள் தெருவில் தோண்டிய பள்ளத்தை மூடின பிறகு யோசிக்கிறேன். அழுகை போலியா என்கிறீர்கள். தம்பி, கண்ணில் தண்ணீர் வந்ததா இல்லையா? வந்தது. பிறகு அதற்கு நண்பரிடம் போய் ரசீது கேட்பானேன்? அந்த அணியில் 37 பேர். கொடி பிடித்த இருவரில் ஒருவரான சிண்டி இன்காம்பா ஒன்பது நாள் கழித்துக் குத்துச்சண்டையில் வெண்கலம் உறுதி செய்தார். 2016-ல் பத்துப் பேராகத் தொடங்கிய அகதிகள் அணிக்கு அதுதான் முதல் பதக்கம். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லவேண்டாம், அதையும் விளம்பரம் என்பார்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொரு வரிக்காக. "அணிவகுப்பை எல்லாம் தள்ளிவிட்டு." படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கல்யாண வீட்டுக்குப் போய்த் தாலி கட்டும் நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்துவிட்டு, பாயசம் நன்றாக இருந்தது என்று கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம். பரணிலிருந்து புத்தகப் பெட்டியை இறக்கியபோது அவருடைய அட்லஸ் கிடைத்தது. அப்பா பூகோள வாத்தியார். அறுபதுகளில் அச்சான அட்லஸ் அது. முதுகு பிய்ந்து, காடாத் துணியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார். புது அட்லஸ் வாங்க மாட்டார். நாடு மாறினால் பென்சிலை எடுத்து மாற்றிவிடுவார். சிலோனை அடித்து இலங்கை. கிழக்குப் பாகிஸ்தானை அடித்து வங்கதேசம். ரொடீசியாவை அடித்து ஜிம்பாப்வே. தென்மேற்கு ஆப்பிரிக்காவை அடித்து நமீபியா. உலகத்தைத் திருத்தும் பொறுப்பு தன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதைப் போல இருப்பார். பென்சில் சீவுவதற்குப் பழைய பிளேடு ஒன்றும் அட்லஸுக்குள்ளேயே இருக்கும்.

அட்லஸுக்குள் நாலாக மடித்த நோட்டுத் தாள்கள் இருந்தன. என் கையெழுத்து, ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்து. 25.7.1992 என்று தேதி போட்டிருந்தது. பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழா.

எங்கள் வீட்டில் அப்போது சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி. மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு. மொட்டைமாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்திருப்போம், காற்றடித்தால் அது வேறு எங்காவது பார்க்கும். அன்று சனிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு விழா. அம்மா தூங்கியாயிற்று. அப்பா மடியில் அட்லஸை விரித்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "ஏட்டி, நீ நாட்டுப் பேரை எழுது, நான் கலர் சொல்லுதேன்" என்றார்.

கலர்! கறுப்பு வெள்ளை டிவியில் எல்லாக் கொடியும் சாம்பல்தான். மைதானத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு துணி ஆடிக்கொண்டு வரும். அப்பா கண்ணை லேசாக மூடிக்கொண்டு, "மேல சிவப்பு, நடுவுல மஞ்சள், கீழ பச்சை, மஞ்சள்ல கறுப்பு நட்சத்திரம், கானா" என்பார். நான் எழுதுவேன். அவர் சொன்னதும் அந்தச் சாம்பல் துணியில் நிறம் ஏறிவிடும், சத்தியமாக. அந்த விழாவை நான் கலரில் பார்த்ததாகத்தான் இன்றுவரை நினைவில் இருக்கிறது.

அணிகள் பிரெஞ்சு அகரவரிசையில் வந்தன. போட்டி நடப்பது ஸ்பெயினில், ஊர் தனி மொழி பேசும் கட்டலோனியாவில். ஸ்பானிய வரிசை என்றால் கட்டலோனியாக்காரர்களுக்கு ஆகாது, கட்டலான் என்றால் மற்ற ஸ்பெயின்காரர்களுக்கு ஆகாது. எனவே மூன்றாவது வீட்டு மொழி. பிரெஞ்சில் தென்னாப்பிரிக்கா 'ஆஃப்ரிக்' என்று ஆரம்பிக்கும், அதனால் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1960 ரோமுக்குப் பிறகு 32 ஆண்டுகள் நிறவெறிக்காக வெளியே நிறுத்தப்பட்டிருந்த நாடு. அப்பா "ஆரஞ்சு, வெள்ளை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். திரையில் அந்தப் பழைய கொடி இல்லை. அந்தப் போட்டிக்கென்று செய்த தற்காலிகக் கொடி ஒன்று வந்தது. மண்டேலா பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார். "என்ன கலர் எழுத?" என்றேன். "கேள்விக்குறி போடு" என்றார்.

அன்று நிறையக் கேள்விக்குறி போட்டேன். போஸ்னியா: கேள்விக்குறி. அதன் தலைநகர் சாரயேவோ அப்போது முற்றுகையில் இருந்தது, அதற்குள்ளிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். குரோஷியா: "கட்டம் போட்டிருக்கு பாரு, கட்டம்னு எழுது." சோவியத் யூனியன் இல்லை. அதன் 12 குடியரசுகள் 'ஒருங்கிணைந்த அணி' என்ற ஒரே பெயரில் வந்தன. அட்லஸில் இரண்டு பக்கத்துக்கு ரோஸ் நிறத்தில் படுத்துக் கிடந்த அந்த நாட்டின் மேல் அப்பா பென்சிலை வைத்தார், எங்கே கோடு போடுவது என்று தெரியாமல் எடுத்துவிட்டார். ஜெர்மனிக்கு மட்டும் ரப்பர் வேலை, நடுவிலிருந்த எல்லையை அழித்தார்.

இந்தியா வரப்போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த ஆண்டு நம் கொடியைப் பிடித்து வந்தவர் ஷைனி வில்சன். ஒலிம்பிக்கில் இந்தியக் கொடி பிடித்த முதல் பெண். நாங்கள் பார்க்கவில்லை. கரண்ட் வந்தபோது இத்தாலி போய்க்கொண்டிருந்தது. நான் அழுகிற நிலையில் இருந்தேன். அப்பா சொன்னார்: "நம்ம ஆளுங்கள நாளைக்குப் பேப்பர்ல போடுவான். ஐஸ்லாந்தை எவன் போடுவான்?"

இந்த ஒரு வாக்கியத்தை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

ர., அந்த விழாவில் நடனம், பாட்டு, வாணவேடிக்கை எல்லாம் நடத்துகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. பணமும் கற்பனையும் இருந்தால் யாரும் செய்யலாம். அணிவகுப்பில்தான் மற்றவர்கள் வருகிறார்கள். அங்கே வரிசையைத் தீர்மானிப்பது எழுத்து. கிரீஸ் முதலில், நடத்தும் நாடு கடைசியில், நடுவில் எல்லோரும் நடத்துகிறவர்களின் மொழி சொன்னபடி. 1988 சியோலில் கொரிய எழுத்து வரிசைப்படி கிரீஸுக்கு அடுத்து கானா. 2008 பெய்ஜிங்கில் சீன எழுத்தின் கோடுகளை எண்ணி வரிசைப்படுத்தினார்கள், கிரீஸுக்குப் பின்னால் கினி. படை, பணம், பதக்கம் எதுவும் அங்கே செல்லாது. நம் மொழியில் நடந்தால் அங்கோலா முன்னால் வரும், ஹோண்டுராஸ் கடைசிக்குப் போகும், ஜப்பான் கிரந்த எழுத்தில் மாட்டிக்கொண்டு நள்ளிரவுக்கு மேல் வரும். இதை யோசித்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இப்போது அதிலும் ஓட்டை போட்டுவிட்டார்கள். அடுத்தடுத்து நடத்தப்போகும் நாடுகளைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். விளம்பரம் என்று உங்கள் நண்பர் எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் இதைச் சொல்லட்டும்.

பாரிஸ் மேல் எனக்குள்ள கோபம் வேறு. படகு. 85 படகுகள், 200-க்கும் மேற்பட்ட அணிகள். கணக்குப் போடுங்கள், பல நாடுகளை ஒரே படகில் ஏற்றினால்தான் முடியும். பெரிய நாட்டுக்குத் தனிப் படகு, சின்ன நாடுகளுக்கு ஷேர் ஆட்டோ. பெலிஸ், லிக்டென்ஸ்டைன், நவ்ரு, சோமாலியா என்று நான்கு நாடுகள் ஆளுக்கு ஒரே ஒரு வீரரை அனுப்பியிருந்தன. மைதானமாக இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? பெயர்ப்பலகை முன்னால் போகும். பின்னால் ஒரே ஆள், அவரே கொடி. கூட அதிகாரிகள் நாலைந்து பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள், அவர்களை விடுங்கள். அவருக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் தரை காலியாகக் கிடக்கும். அந்தக் காலித் தரை அவருடைய நாட்டுக்கென்று விட்டது. அறுநூறு பேர் வரும் நாட்டுக்கும் அதே அளவுதான். அவர் நடந்து கடக்கும்வரை உலகம் காத்திருக்க வேண்டும். படகில் அந்த இடைவெளி கிடையாது. யாரும் நடக்கவும் இல்லை, படகு இழுத்துக்கொண்டு போகிறது, இவர்கள் கம்பியைப் பிடித்துக் கையசைக்கிறார்கள். நடந்து வருகிறவரின் முகத்தில் ஒன்று தெரியும். பக்கவாட்டில் பார்க்கலாமா கூடாதா என்ற தவிப்பு, பள்ளிக்கூட மார்ச் பாஸ்டில் கால் மாறிவிடுமோ என்று வாய்க்குள் 'லெஃப்ட் ரைட்' சொல்லும் பையன் முகம். படகில் எல்லோரும் சுற்றுலா வந்தவர்களைப் போல இருந்தார்கள்.

அதே பாரிஸில் ஆகஸ்ட் 28 அன்று பாராலிம்பிக் அணிகள் சாம்ப்ஸ் எலிசே சாலை வழியாகக் கான்கார்ட் சதுக்கத்துக்குத் தரையில் வந்தன. சக்கர நாற்காலியில், செயற்கைக் காலில், ஊன்றுகோலில். முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நொடி தள்ளவில்லை.

உங்கள் அலுப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஷிஃப்ட் முடித்து வந்தவர், தூக்கம் வரத்தான் செய்யும். தூங்கியிருக்கலாம், அதில் குற்றமில்லை. மகள் தூங்கியதும் குற்றமில்லை, நானும் அன்று நமீபியாவுக்குப் பிறகு இரண்டு முறை அப்பா தோளில் சாய்ந்துவிட்டேன், அந்த இடங்களில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. ஆனால் பக்கத்தில் அம்மா முழித்துக்கொண்டு உட்கார்ந்து, இது யார், அது யார் என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் விழாவைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரைப் போய்த் தூங்கச் சொல்லியிருக்கிறீர்கள், கையில் உலகத்தையே தேடித்தரும் போனை வைத்துக்கொண்டு!

1992-ல் ஸ்பெயின் அணி உள்ளே வந்து நின்றதும் அப்பா, "அவ்வளவுதான்" என்று டிவியை அணைத்து மரக்கதவை இழுத்துவிட்டார். வில்லாளர் அந்தோனியோ ரெபோயோ அம்பு எய்து தீபம் ஏற்றிய காட்சியை உலகமே வாய்பிளந்து பார்த்தது, நாங்கள் பார்க்கவில்லை. அம்பு கொப்பரைக்குள் விழவே இல்லை, மேலாகப் பறந்து வெளியே போனது, அது தாண்டும்போது வாயு பற்றிக்கொண்டது என்று பல வருடங்கள் கழித்துப் படித்தேன். அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். லித்துவேனியா கொடி மஞ்சள், பச்சை, சிவப்பு என்று அதற்குள் அவர் கண்டுபிடித்திருந்தார், அந்தக் கேள்விக்குறியை அடித்திருந்தார்.

இந்தியாவிலிருந்து இஸ்ரேல் வரை தாளில் ஏழு வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அம்மா கேட்ட கொடிக்கு வருகிறேன். இளநீலம், நடுவில் கறுப்பு முக்கோணம், அதன் அடியில் மஞ்சள் முக்கோணம், ஓரத்தில் வெள்ளை. அது செயின்ட் லூசியா. அப்பாவின் அட்லஸில் பிரிட்டிஷ் என்று போட்டிருக்கும் ஒரு புள்ளி, 1979-ல் சுதந்திரம். பார்சிலோனாவுக்கு அது வரவில்லை, முதலில் வந்தது 1996-ல். மொத்த மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அம்மா கோபுரம் என்றது சரிதான், கிட்டத்தட்ட. அது பித்தோன் என்னும் இரட்டை மலை, கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். நீங்கள் "ஏதோ ஒரு தீவு" என்று சொல்லி எட்டே நாளில், ஆகஸ்ட் 3 அன்று, ஜூலியன் ஆல்ஃப்ரெட் என்ற பெண் 100 மீட்டரை 10.72 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அன்றும் மழை.

இன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து போனதும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். கொடியை போனில் பெரிதாக்கிக் காட்டுங்கள். வேறு எதையெல்லாம் கேட்டார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள், தெரிந்ததற்குப் பதில் போடுகிறேன்.

அக்கா