நைஜீரியத் தரைப்படைத் தளபதிகள்: பட்டியல் யாரிடமிருந்து தொடங்குகிறது?

கேள்வி: கல்லூரி வினாடி வினாவுக்காக நைஜீரியத் தரைப்படைத் தலைவர்களின் பட்டியலைத் தயாரிக்கிறேன். ஒரு பட்டியல் ஆங்கிலேயர் ஒருவரில் தொடங்குகிறது, இன்னொன்று அகுயி-இரோன்சியில், வேறொன்று யாகுபு கோவானில். 2024-ஆம் ஆண்டுக்குத் தரும் தேதிகளும் ஒத்துப்போகவில்லை. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: மூன்றுமே சரிதான். பெயரைப் பார்க்கும் முன் பதவி எது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1960 அக்டோபர் 1-ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷ் அதிகாரிகளே படையை நடத்தினார்கள். அப்போது பதவியின் பெயர் ஜி.ஓ.சி. (ஜெனரல் ஆபீசர் கமாண்டிங், அதாவது படையை வழிநடத்தும் தளபதி). 1956-ல் வந்த கென்னத் எக்ஸமை வைத்துத் தொடங்கும் பட்டியல்கள் இதைத்தான் கணக்கில் எடுக்கின்றன. கடைசி ஆங்கிலேயர் மேஜர் ஜெனரல் கிறிஸ்டோபர் வெல்பி-எவரார்ட். 1965-ல் அவரிடமிருந்து பொறுப்பேற்ற ஜான்சன் அகுயி-இரோன்சிதான் அந்த இடத்துக்கு வந்த முதல் நைஜீரியர்.

அடுத்த ஜனவரியில் இளம் அதிகாரிகள் நடத்திய கலகத்தில் பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவா கொல்லப்பட்டார். இரோன்சி நாட்டின் தலைவரானார். தரைப்படையைக் கவனிக்கும் பொறுப்பு கோவானுக்குப் போனது, பதவியின் பெயரும் 'தரைப்படைத் தலைமைத் தளபதி' என்று மாறியது. ஆறு மாதம்தான். ஜூலை 29 எதிர்க்கலகத்தில் இரோன்சி இபாதானில் பிடிபட்டுக் கொல்லப்பட, ஆகஸ்ட் 1-ல் கோவானே நாட்டின் தலைமைக்கு வந்துவிட்டார்.

ஆகவே 'படைக்குத் தலைமை தாங்கிய முதல் நைஜீரியர் யார்?' என்று கேட்டால் விடை இரோன்சி. 'முதல் தரைப்படைத் தலைமைத் தளபதி' என்றால் கோவான். கேள்வியின் சொற்களை இந்த அளவுக்குத் துல்லியமாக வையுங்கள், இல்லாவிட்டால் போட்டியில் சண்டைதான் வரும். இன்னொன்று: இன்றைய செய்திகளில் வரும் ஜி.ஓ.சி. வேறு. மைதுகுரி நகரில் உள்ள 7-வது டிவிஷன் போன்ற, தரைப்படையின் ஒரு பெரிய பிரிவான டிவிஷனின் தளபதியைத்தான் இப்போது அப்படி அழைக்கிறார்கள்.

சரி, 2024-க்கு வருவோம். தரைப்படைத் தலைமைத் தளபதி தவோரீத் லக்பாஜா நோயுற்றிருந்ததால் அக்டோபர் 30-ல் ஒலுஃபெமி ஒலுயெடே தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். லக்பாஜா இறந்தது நவம்பர் 5 இரவு. அறிவிப்பு வந்தது மறுநாள். ஒலுயெடேயை நாடாளுமன்றம் உறுதிசெய்தது அதற்கும் பிறகு. எந்தத் தேதியை எடுக்கிறோமோ அதற்கேற்பப் பட்டியல் மாறும். நானாக இருந்தால் பட்டியலில் 'தற்காலிகம்' என்று தனி நெடுவரிசை போட்டு அக்டோபர் 30-ஐ எழுதுவேன்.

2021-ல் தெரியும் இடைவெளியையும் பிழை என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள். நியமனமாகி நான்கு மாதம்கூட ஆகாத இப்ராஹிம் அத்தாஹிரு மே 21-ல் கடூனா விமான விபத்தில் இறந்தார். ஃபாரூக் யஹாயாவின் நியமனம் மே 27-ல்தான் வந்தது.

அப்புறம், முப்படைகளுக்கும் மேலே இருக்கும் பாதுகாப்புப் படைத் தலைவர் பதவியை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். 2025 அக்டோபரில் ஒலுயெடே அங்கே உயர்த்தப்பட்டார். தரைப்படைக்கு வைதி ஷைபு வந்தார்.